எண்ணியவரும் எடைபோட்டவரும்

பள்ளி வேதியியலில் ஒரு கழித்தல் கணக்கு உண்டு. நிறை எண்ணிலிருந்து அணு எண்ணைக் கழித்தால் கிடைப்பது நியூட்ரான்களின் எண்ணிக்கை. சோடியத்துக்கு 23-இல் 11 போக 12. அலுமினியத்துக்கு 27-இல் 13 போக 14. இப்படியே போட்டுக்கொண்டு வரும் பிள்ளை, சுவரில் தொங்கும் அட்டவணையைப் பார்த்துக் குளோரினுக்கும் போட்டால் மாட்டிக்கொள்ளும். அங்கே 35.5 என்று இருக்கும். 17 போனால் பதினெட்டரை. அரை நியூட்ரான் எங்கிருந்து வந்தது? ‘அதை 35 என்று வைத்துக்கொள்’ என்பதுதான் பல வகுப்பறைகளில் கிடைக்கும் பதில். மதிப்பெண் வாங்க அது போதும்.

இன்று மாலை இங்கே கூடியிருப்பவர்களில் பலரும் அந்தக் கணக்கைப் போட்டுத் தேறியவர்கள்தான். வேதியியலையே மறந்துவிட்டவர்களுக்கும் அணு எண், அணு எடை என்ற இரண்டு சொற்கள் மனதின் மூலையில் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். எது எது என்பதுதான் குழம்பும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மெண்டலீவே குழம்பியிருக்கிறார்.

வேறுபாட்டைப் பாடநூல் ஒரே வரியில் சொல்லிவிடும். அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை அணு எண். புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் எல்லாம் சேர்ந்த கனம் அணு நிறை. எலக்ட்ரானின் பங்கு கொசுறு. சரிதான். ஆனால் டால்டன் தமது முதல் அணு எடைப் பட்டியலைக் குறித்த 1803-இலிருந்து, சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்த 1932 வரை காத்திருந்த பிறகுதான் அந்த ஒரு வரியை எழுத முடிந்தது. ஒரு தனிமம் யார் என்பதை எண் சொல்கிறது, அது எந்த வழியாக வந்தது என்பதை எடை சொல்கிறது என்று இரண்டும் பிரிந்து தெரிந்ததோ 1913, 1914 என்ற இரண்டே ஆண்டுகளில். எண்ணியவர் ஒருவர், எடைபோட்டவர் ஒருவர். இருவரும் பிறந்தது 1887. ஒருவரை எல்லாப் பாடநூலும் சொல்லும். மற்றவர் பெயர் பெரும்பாலான பாடநூல்களில் இல்லை.

அதற்கு முன்னால் எடையின் ஆட்சிக் காலத்தைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். 19ஆம் நூற்றாண்டு வேதியியலாளருக்கு அணுவைப் பற்றிக் கையில் அகப்பட்ட ஒரே விவரம் எடைதான். அதுவும் நேரடி எடை இல்லை. ஹைட்ரஜனை 1 என்று வைத்தால் இது எத்தனை மடங்கு என்ற ஒப்பீடு. 1815-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் பிரௌட், தனிமங்களின் எடைகள் எல்லாம் ஹைட்ரஜன் எடையின் முழு மடங்குகளே என்று எழுதினார். அப்படியானால் எல்லாமே ஹைட்ரஜனால் ஆனவையாக இருக்கலாம். அழகான எண்ணம். குளோரின் அதைக் கெடுத்தது. யார் எத்தனை முறை நிறுத்தாலும் அந்த அரை போகவில்லை.

அப்போது எண் என்பது வருகைப் பதிவேட்டில் பிள்ளைகளுக்குப் போடும் வரிசை எண்ணைப் போன்றது. புதுப் பிள்ளை சேர்ந்தால் பின்னால் இருப்பவர்களுக்கெல்லாம் எண் மாறிவிடும். ஜான் நியூலண்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் தனிமங்களை எடைவாரியாக அடுக்கி எண் கொடுத்து, எட்டாவதுக்கு எட்டாவது குணம் ஒத்துப்போகிறது என்று 1866-இல் லண்டன் வேதியியல் கழகத்தில் பேசினார். அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தீரா என்று ஒரு பேராசிரியர் கேலி செய்ததுதான் மிச்சம்.

மூன்று ஆண்டு கழித்து மெண்டலீவ் 63 தனிமங்களை எடைவாரியாக அடுக்கினார். எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தபோது டெலூரியமும் அயோடினும் முரண்டு பிடித்தன. டெலூரியம் 128, அயோடின் 127. எடைப்படி அயோடின் முந்த வேண்டும். ஆனால் அயோடின் குளோரின், புரோமின் குடும்பத்துப் பிள்ளை. டெலூரியம் கந்தகம், செலினியம் வழி வந்தது. எடையை மதித்தால் இரண்டும் ஆள் மாறி அடுத்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடும். மெண்டலீவ் குணத்தை நம்பினார். டெலூரியத்தின் எடை தப்பு, அது 123-க்கும் 126-க்கும் நடுவில்தான் இருக்க வேண்டும், 128 இருக்கவே முடியாது என்று அடித்துச் சொன்னார்.

பிராக் நகரத்து பொகுஸ்லாவ் பிரௌனர் இதை நம்பி, டெலூரியத்தை எடைபோடும் வேலையில் ஆண்டுக்கணக்காக உழைத்தார். டெலூரியத்தோடு பழகுவது சுகமான காரியமில்லை. துளி உடம்பில் சேர்ந்தாலும் நாள்கணக்கில் மூச்சில் பூண்டு நாற்றம் அடிக்கும். இத்தனைக்குப் பிறகும் தராசு மெண்டலீவுக்குச் சாதகமாகச் சாயவில்லை. டெலூரியத்துக்குள் வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று பிரௌனர் சந்தேகப்பட்டார். தராசு சொன்னதுதான் சரி. இன்றைய மதிப்பு டெலூரியத்துக்கு 127.6, அயோடினுக்கு 126.9. மெண்டலீவின் இடமும் சரி, வேதியியலாளரின் எடையும் சரி. எடையைக் கொண்டு இடத்தை முடிவு செய்ததுதான் தப்பு. கோபால்ட்டுக்கும் நிக்கலுக்கும் இதே தகராறு. 1894-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஆர்கான் வந்து பொட்டாசியத்தோடு மூன்றாவது வழக்கைத் தொடுத்தது.

1911-இல் ரதர்ஃபோர்ட் அணுவுக்குள் கருவைக் கண்டார். அந்தக் கருவின் மின்சுமை எவ்வளவு என்பது அப்போது தோராயம்தான். அணு எடையில் பாதி இருக்கலாம் என்றார்கள். ஆன்டோனியஸ் வான் டென் புரூக் என்ற டச்சுக்காரர், சட்டம் படித்தவர், இயற்பியலைப் பொழுதுபோக்காக வைத்திருந்தவர், வேறு ஒன்றைச் சொன்னார். அட்டவணையில் தனிமம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறதோ அதுவே கருவின் மின்சுமை. வருகைப் பதிவேட்டு எண்ணுக்கு உடம்பில் ஓர் அடையாளம் இருக்கிறது என்பது போன்ற பேச்சு. நிரூபிக்க ஆள் வேண்டும்.

அந்த ஆள் ஹென்றி மோஸ்லி, வயது 25, மான்செஸ்டரில் ரதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் இருந்தவர். இரவு முழுக்க வேலை செய்வார். மான்செஸ்டரில் விடிகாலை மூன்று மணிக்குச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்பது அவருக்கு அத்துபடி என்று உடன் உழைத்த சார்லஸ் டார்வின் பின்னாளில் நினைவுகூர்ந்தார். இவர் பரிணாமக் கொள்கை டார்வினின் பேரன்.

மோஸ்லியின் கருவி விளையாட்டு ரயிலைப் போன்றது. காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய். அதற்குள் சிறு தண்டவாளம். அதில் ஓடும் அலுமினியத் தள்ளுவண்டிகள். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு தனிமத்தின் துண்டு. தூண்டிலுக்குப் பயன்படும் பட்டு நூலைப் பித்தளை உருளையில் சுற்றி, வண்டியை இழுத்து எலக்ட்ரான் கற்றைக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்துவார். அடிபட்ட தனிமம் தனக்கே உரிய எக்ஸ் கதிரை உமிழும். அது ஒரு படிகத்தில் பட்டுத் தெறித்து, புகைப்படத் தகட்டில் கோடாக விழும். குழாயைத் திறக்காமலே அடுத்த வண்டி, அடுத்த தனிமம்.

1913 டிசம்பரில் வெளியான அவருடைய கட்டுரையில் அந்தப் புகைப்படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டியிருப்பார். கால்சியம், டைட்டேனியம், வனேடியம், குரோமியம், மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல், தாமிரம், கடைசியில் பித்தளை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோடுகள். ஒரு வரிசையிலிருந்து அடுத்ததற்கு அந்த ஜோடி ஒரு படி தள்ளி நிற்கும். பார்த்தால் படிக்கட்டு. கால்சியத்துக்கும் டைட்டேனியத்துக்கும் நடுவில் மட்டும் ஒரு படி அகலம், ஏனென்றால் ஸ்காண்டியத்தை அவர் எடுக்கவில்லை. அது இல்லாததையும் படம் காட்டிக்கொடுக்கிறது. தனித் துத்தநாகம் அந்தச் சூட்டில் ஆவியாகிவிடும் என்பதால் பித்தளையை வைத்தார். பித்தளையில் தாமிரமும் துத்தநாகமும் கலந்திருப்பது நம் வீட்டுக் குத்துவிளக்கு செய்கிற எவருக்கும் தெரியும். மோஸ்லியின் தகட்டில் தாமிரத்தின் கோடுகள் ஒரு பக்கமும் துத்தநாகத்தின் கோடுகள் ஒரு படி தள்ளியும் விழுந்திருந்தன. உலோகக் கலவைக்கு எடுத்த ஜாதகம் என்றே சொல்லலாம்.

கோட்டின் அதிர்வெண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்தால், தனிமத்துக்குத் தனிமம் அது ஒரே அளவில் கூடிக்கொண்டு போயிற்று. எடை அப்படிக் கூடுவதில்லை. ஒரு நேரம் இரண்டு கூடும், ஒரு நேரம் நான்கு, ஒரு நேரம் குறையவும் செய்யும். அணுவுக்குள் ஒன்று ஒன்றாகக் கூடிக்கொண்டே போகிற ஏதோ இருக்கிறது, அது கருவின் மின்சுமைதான் என்றார் மோஸ்லி. கோபால்ட் 27, நிக்கல் 28. எடை என்னவானாலும் சரி, வரிசை இதுதான். பதிவேட்டு எண் பிறவி எண்ணாகிவிட்டது.

அலுமினியத்தின் 13-இலிருந்து தங்கத்தின் 79 வரை படிகளை எண்ணிவிட்ட பிறகு, எந்தப் படியில் ஆள் இல்லை என்பதும் தெரிந்துபோயிற்று. 43, 61, 72, 75 ஆகியவை காலி என்பது இந்த முறையால்தான் முடிவாகத் தெளிவானது. 72-ஆம் இடத்துக்கு ஹாஃப்னியம் 1923-இல் கோபன்ஹேகனிலும், 75-ஆம் இடத்துக்கு ரேனியம் 1925-இல் ஜெர்மனியிலும் கிடைத்தன. 43 மனிதர் செய்த முதல் தனிமமான டெக்னீசியம், 1937. 61 புரோமீதியம், 1945. அருமண் தனிமங்கள் எத்தனை என்று அதுவரை எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடிந்ததில்லை. அவற்றோடு இருபது ஆண்டு போராடிய பாரிஸ் வேதியியலாளர் ஜார்ஜ் உர்பேன், 1914-இல் தம் மாதிரிகளை எடுத்துக்கொண்டு, மோஸ்லி அப்போது இடம் மாறியிருந்த ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தார். எதில் என்ன இருக்கிறது என்று மோஸ்லி சில நாள்களில் சொல்லிவிட்டார்.

இனி எடைபோட்டவர்.

மோஸ்லி படிக்கட்டு கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில் வியன்னாவின் ரேடியம் ஆய்வு நிறுவனத்தில் ஸ்டெஃபானி ஹொரோவிட்ஸ் என்ற பெண் ஈயத்தை எடைபோட்டுக்கொண்டிருந்தார். வார்சாவில் பிறந்தவர், வியன்னாவில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அவரை வேலைக்கு வைத்திருந்தவர் ஓட்டோ ஹோனிக்ஷ்மிட். அணு எடை அளப்பதில் உலகிலேயே கைதேர்ந்தவர் என்று பெயர்பெற்ற ஹார்வர்டின் தியடோர் ரிச்சர்ட்ஸிடம் தொழில் பழகியவர்.

கேள்வியை எழுப்பியவர் கிளாஸ்கோவில் இருந்த ஃபிரெடரிக் சாடி. கதிரியக்கத்தில் யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து கடைசியில் ஈயமாக நிற்கிறது. வழியில் எட்டு ஆல்ஃபா துகள்களை இழக்கிறது. ஒவ்வொன்றும் 4 கனம். 238-இல் 32 போனால் 206. தோரியமும் ஈயமாகத்தான் முடிகிறது. 232-இல் ஆறு ஆல்ஃபா, அதாவது 24 போனால் 208. கடையில் வாங்கும் ஈயமோ 207.2. அப்படியானால் ஈயம் என்ற ஒரே பெயரில், ஒரே குணத்தில், வெவ்வேறு கனத்தில் சரக்கு இருக்கிறதா? அட்டவணையில் ஒரே இடத்தில் உட்காரும் இத்தகைய அணுக்களுக்கு ‘ஐசோடோப்’ என்ற கிரேக்கப் பெயரைச் சாடிக்கு எடுத்துக்கொடுத்தவர் மார்கரெட் டாட் என்ற மருத்துவர். அதற்குப் பொருளே ‘ஒரே இடம்’. தமிழில் ஓரிடத்தான் என்று அதைச் சொன்னவர்கள் சொல்லுக்குச் சொல் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். இலங்கைப் பாடநூல்களின் சமதானியும் அதே தானத்தைத்தான் சொல்கிறது. நம் பிள்ளைகள் ஐசோடோப்பு என்று படிக்கும்போது இந்த இடம் என்ற சேதி காணாமல் போய்விடுகிறது.

போஹிமியாவின் யோவாகிம்ஸ்தால் சுரங்கத்து யுரேனியக் கனிமத்திலிருந்து எடுத்த ஈயம் ஹொரோவிட்ஸுக்குக் கிடைத்தது. வேலை என்பது இதுதான். ஈயத்தைக் கரைத்து, உப்பாகப் படிய வைத்து, திரும்பக் கரைத்து, திரும்பப் படிய வைத்து, அழுக்கு போகிறவரை அதையே செய்ய வேண்டும். பிறகு ஈயக் குளோரைடாக்கி எடைபோட்டு, அதிலுள்ள குளோரினை முழுவதும் பிடிக்க எவ்வளவு வெள்ளி செலவாகிறது என்று பார்க்க வேண்டும். வெள்ளியும் குளோரினும் சேர்ந்தால் திரிந்த பால்போலக் கட்டி கட்டியாக அடியில் விழும். வெளிச்சம் பட்டால் அது கருத்துப்போகும் என்பதால் மங்கல் வெளிச்சத்தில் செய்கிற காரியம். கண்ணுக்குத் தெரியாத கலங்கல் மேலே மிச்சமிருந்தாலும் விடை கெட்டுவிடும். நான்கு இலக்கம் பிசகாமல் விடை வேண்டும், ஏனென்றால் தேடுகிற வித்தியாசமே ஆயிரத்தில் இரண்டு பங்கு.

1914-இல் விடை வந்தது. யோவாகிம்ஸ்தால் ஈயம் 206.7. சாதாரண ஈயம் 207.2. நிறமாலையில் இரண்டும் ஒன்று. வேதிவினையில் இரண்டும் ஒன்று. தராசில் மட்டும் இரண்டு. அதே ஆண்டில் ஹார்வர்டில் ரிச்சர்ட்ஸும் யுரேனியக் கனிமங்களின் ஈயத்தில் இதே குறைவைக் கண்டார். குறைவு சரி, கூடுதல் எங்கே? அது இலங்கையிலிருந்து வந்தது. இலங்கைத் தோரைட் கனிமத்திலிருந்து பிரித்த ஈயத்தைச் சாடியும் ஹென்றி ஹைமனும் எடைபோட்டு, சாதாரண ஈயத்தைவிடக் கனம் என்று 1914-இல் அறிவித்தார்கள். பின்னாளில் நுணுக்கமாக அளந்தபோது 207.7-க்கும் மேல் நின்றது.

தோரியக் கனிமங்களுக்கு இலங்கை பெயர்பெற்றதில் ஒரு தமிழர் மகனுக்குப் பங்கு உண்டு. 1904-இல் அந்தத் தீவில் ஒரு கனமான கருங்கனிமத்தை முதலில் விவரித்தவர் ஆனந்த குமாரசாமி. நடராஜர் தத்துவத்தை உலகுக்கு எழுதிக் காட்டிய அதே குமாரசாமிதான். சர் முத்து குமாரசாமியின் மகன். கலைக்குள் வருவதற்கு முன் அவர் இலங்கையின் கனிம ஆய்வுத் துறை இயக்குநர். அந்தக் கருங்கனிமத்தை அவர் யுரேனினைட் என்று எண்ணினார். லண்டனில் வின்டாம் டன்ஸ்டன் அது தோரியம் மிகுந்த புதுக் கனிமம் என்று கண்டு தோரியனைட் எனப் பெயரிட்டார். தோரியத்துக்கு அன்றைக்குச் சந்தை இருந்தது. திருவிழாப் பந்தலில் பெட்ரோமாக்ஸ் விளக்குக்குள் வெள்ளையாகப் பூத்து நின்ற மேன்டிலில் பெரும்பகுதி தோரியம் ஆக்சைடாகத்தான் இருந்தது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் மோனசைட்டில் இருப்பதும் அதே தோரியம். அந்த மணலுக்குள் தோரியம் சிதைந்து சேர்ந்த ஈயத்தைப் பிரித்து நிறுத்தால் அதுவும் 208 பக்கம்தான் சாயும்.

ஹொரோவிட்ஸ் அதோடு நிற்கவில்லை. அயோனியம் என்ற ஒன்று தனித் தனிமமாக அப்போது பேசப்பட்டது. அவரும் ஹோனிக்ஷ்மிட்டும் 1916-இல் அது தோரியத்தின் இன்னோர் ஓரிடத்தானே என்று காட்டி, அந்தப் பெயரைத் தனிமப் பட்டியலிலிருந்து நீக்க வைத்தார்கள்.

குளோரினின் அரைக்கு விடை கேம்பிரிட்ஜில் கிடைத்தது. 1919-இல் ஆஸ்டன் நிறை நிறமாலைக் கருவியில் அணுக்களையே கனம்வாரியாகப் பிரித்தார். குளோரினில் 35.5 கனமுள்ள அணு ஒன்றுகூட இல்லை. நூற்றில் 76 அணுக்கள் 35, மீதி 24 அணுக்கள் 37, சராசரி ஏறக்குறைய 35.5. ஊரில் வீட்டுக்கு இரண்டேகால் பிள்ளை என்று கணக்கு வந்தால் காலே காலாக ஒரு பிள்ளையைத் தேடிப் போவார்களா? கழித்தல் கணக்குக்கு வேண்டியது நிறை எண். அது ஒரு குறிப்பிட்ட அணுவுக்கு, எப்போதும் முழு எண். சுவர்ப் படத்தில் இருப்பது அணு எடை. அது பூமியில் கிடைக்கும் கலவையின் சராசரி. பாவம் அந்தப் பிள்ளை, சராசரியிலிருந்து புரோட்டானைக் கழித்துவிட்டது. பிரௌட்டின் முழு மடங்குக் கனவும் ஏறக்குறைய பிழைத்துக்கொண்டது. ஏறக்குறைய என்பதற்குக் காரணம், தனி அணுவின் நிறையும் கச்சிதமான முழு எண் இல்லை என்பது. கரு கட்டப்படும்போது கொஞ்சம் நிறை ஆற்றலாகப் போய்விடுகிறது. சூரியன் எரிவதே அந்தக் கசிவில்தான்.

பூமியில் கிடைக்கும் கலவை என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. ஆர்கான் 39.95, பொட்டாசியம் 39.10 என்ற பழைய வழக்கை எடுத்துக்கொள்ளலாம். ஆர்கானின் எண் 18, பொட்டாசியத்தின் எண் 19. பின்னால் நிற்பதைவிட முன்னால் நிற்பது ஏன் கனக்கிறது? பொட்டாசியத்தில் பத்தாயிரத்துக்கு ஓர் அணுவுக்குச் சற்று மேல் கதிரியக்கம் உள்ள பொட்டாசியம்-40. வாழைப்பழத்திலும் உண்டு, முருங்கைக்கீரையிலும் உண்டு, இந்த அரங்கில் இருக்கும் ஒவ்வொருவர் உடம்பிலும் நொடிக்கு நாலாயிரம் சொச்சம் சிதைந்துகொண்டிருக்கிறது. அதன் அரை ஆயுள் 125 கோடி ஆண்டுகள். சிதைவதில் பத்தில் ஒரு பங்கு ஆர்கான்-40 ஆகிறது. பூமி தோன்றியதிலிருந்து பாறைகளுக்குள் இப்படிப் பிறந்து கசிந்ததுதான் நம் காற்றில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்காக இருக்கும் ஆர்கான், அதில் 99.6 சதவீதம் கனமான ஆர்கான்-40. சூரியனில் உள்ள ஆர்கானில் பெரும்பகுதி இலகுவான ஆர்கான்-36. நம் ஆர்கான் பொட்டாசியத்தைவிடக் கனமானதற்கே காரணம் பொட்டாசியம்தான். சூரியனில் ஒரு மெண்டலீவ் அட்டவணை போட்டிருந்தால் இந்த வழக்கு வந்தே இருக்காது. மோஸ்லியின் எண் மட்டும் அங்கேயும் 18, 19தான்.

முதல் உலகப் போர் தொடங்கியதும் மோஸ்லி படையில் சேர்ந்தார். போகவேண்டாம் என்றவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. 1915 ஆகஸ்ட் 10 அன்று துருக்கியின் கலிப்போலியில், தொலைபேசியில் ஓர் உத்தரவைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். வயது 27. ஹொரோவிட்ஸ் போருக்குப் பிறகு வேதியியலை விட்டார். ஆல்ஃபிரட் ஆட்லரின் வழியில் உளவியல் பயின்று, வியன்னாவில் பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை நடத்தினார். 1937-இல் வார்சாவுக்குத் திரும்பினார். அவர் யூதர். 1942-இல் திரெப்ளிங்கா வதைமுகாமில் கொல்லப்பட்டார்.

அவர் நிறுத்துக் காட்டியதைப் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் அட்டவணையில் ஏற்றிக்கொள்ள இன்னும் நெடுநாளாயிற்று. பல தனிமங்களுக்கு ஒற்றை எடை போதாது, இது முதல் இது வரை என்று வரம்பு கொடுக்க வேண்டும் என்று அது 2009-க்குப் பிறகு மாற்றத் தொடங்கியது. ஈயத்தின் முறை வந்தது கடந்த சில ஆண்டுகளில்தான். எண்: 82. எடை: 206.14 முதல் 207.94 வரை, எந்தக் கனிமத்திலிருந்து எடுத்தது என்பதைப் பொறுத்து. பள்ளிச் சுவரில் தொங்கும் படத்தில் இன்னும் 207.2 என்றுதான் இருக்கிறது.